ஈரம் புகாத கையுறை: மழையிலும் பனியிலும் தூய்மைப் பணியாளருக்கு எது தேவை, எது உரிமை?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது. அரசூரில் தேசிய நெடுஞ்சாலையை வெள்ளம் மூழ்கடித்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் போக்குவரத்து நின்றது. சாதாரண மழைக்கே நீர் தேங்கும் விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. வெள்ளம் வடிந்தபின் தெருவில் எஞ்சியது சேறு, செத்த கால்நடை, நிரம்பி வழிந்த கழிவுத்தொட்டி நீர், உடைந்த கண்ணாடி ஆகியவைதான். இவை அனைத்தையும் அகற்றியவை தூய்மைப் பணியாளரின் கைகள்.

அந்தக் கைகளில் என்ன இருந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கையுறை சிறிய பொருள்தான். ஆனால் எந்தக் கையுறை, யார் வாங்கித் தர வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அது கிடைக்காவிட்டால் எந்தச் சட்டத்தின்கீழ் யாரைக் கேட்பது என்பவை பற்றி நம் செயல்பாட்டாளர்களிடமே தெளிவு குறைவு. வடகிழக்குப் பருவமழையிலும் மார்கழிப் பனியிலும் வெளியில் நின்று கழுவும், துடைக்கும், அள்ளும் தொழிலாளர்களுக்கான கையுறையைத் தேர்வு செய்வதையும், அதைச் சட்டப்படி பெறுவதையும் இங்கே தொகுத்துத் தருகிறோம். உள்ளாட்சித் தூய்மைப் பணியாளர்கள், ஊராட்சித் தூய்மைக் காவலர்கள், மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் சன்னல் கண்ணாடி துடைக்கும் ஒப்பந்தப் பணியாளர்கள் ஆகிய அனைவருக்கும் இது பொருந்தும்.

கையுறை எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது?

முதலில் ஓர் எச்சரிக்கை. கையுறை என்பது பாதுகாப்பின் கடைசி வரிசை. மனிதர் கைபடாமல் இயந்திரம் செய்யக்கூடிய வேலையைக் கையுறை மாட்டிவிட்டு மனிதரைக் கொண்டு செய்விப்பது பாதுகாப்பு ஆகாது. பாதாளச் சாக்கடையிலும் கழிவுத்தொட்டியிலும் உயிரைப் பறிப்பது ஹைட்ரஜன் சல்பைடு போன்ற நச்சுவாயு; அதன்முன் எந்தக் கையுறைக்கும் பொருளில்லை. 2022, 2023 ஆண்டுகளில் நிகழ்ந்த 54 சாக்கடை மரணங்களை ஒன்றிய அரசின் சமூகத் தணிக்கை ஆராய்ந்தது. அவற்றுள் 49 பேருக்கு எந்தப் பாதுகாப்புக் கருவியும் தரப்படவில்லை. எஞ்சியவர்களுள் பெரும்பாலோரிடம் இருந்தது கையுறை மட்டுமே. அந்தக் கையுறையால் அவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. ஆகவே இக்கட்டுரையில் எந்த வரியையும் மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதற்கான அனுமதியாக யாரும் வாசிக்கக்கூடாது.

தெருவிலும் திறந்த வடிகால் ஓரத்திலும் குப்பை வண்டியிலும் நிலைமை வேறு. இங்கே கையுறை உண்மையிலேயே நோயைத் தடுக்கும். எலியின் சிறுநீர் கலந்த வெள்ளநீர், கையிலுள்ள சிறு கீறல் வழியாகவும் நீரில் ஊறி மென்மையான தோல் வழியாகவும் எலிக்காய்ச்சல் கிருமியை உடலுக்குள் கொண்டுசேர்க்கும். மழைக்காலத்தில் தெருவெங்கும் தூவப்படும் பிளீச்சிங் பவுடர் ஈரக்கையில் பட்டால் தோலை அரிக்கும்; பல ஊர்களில் அதை இன்றும் வெறுங்கையால் அள்ளித் தூவச் செய்கிறார்கள். கண்ணாடித் துண்டும் துருப்பிடித்த தகரமும் கையைக் கிழிக்கும். இவற்றை ஏற்ற கையுறை பெருமளவு தடுக்கும்.

நம் ஊர்க் குளிருக்கு எது வேண்டும்?

இணையத்தில் கையுறைக்கான ஆலோசனைகளைத் தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் குளிர்நாடுகளில் சன்னல் துடைப்போருக்காக எழுதப்பட்டவை. உள்ளே தடித்த கம்பளிப் பஞ்சு வைத்த கையுறைகளை அவை பரிந்துரைக்கின்றன. உறைபனியில் அது சரி. விழுப்புரத்தில் சனவரி மாதத்து விடியற்காலை வெப்பநிலை 20 டிகிரி செல்சியசை ஒட்டியே இருக்கும். இங்கே கையை விறைக்கச் செய்வது காற்றின் குளிர் மட்டுமன்று, ஈரமும்தான். நனைந்த தோலிலிருந்து நீர் ஆவியாகும்போது உடல்வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. விடியுமுன் தொடங்கும் வேலையில், மழைக்காற்றில், நனைந்த துணிக் கையுறை அணிந்திருப்பது வெறுங்கையைவிட மோசமான நிலையை உண்டாக்கலாம். விரல் மரத்துப்போனால் பிடி தளரும். கண்ணாடி குத்தினால்கூட உடனே உணர்வு வராது.

தடித்த பஞ்சு வைத்த கையுறைக்கு இன்னொரு குறை உண்டு. ஒருமுறை உள்ளே நீர் புகுந்தால் நம் மழைக்காலத்தில் அது இரண்டு நாளானாலும் காயாது. ஈரமும் வியர்வையும் சேர்ந்த பஞ்சில் பூஞ்சை வளரும். விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். எனவே நமக்கு ஏற்றது இரண்டடுக்கு முறை. வெளியே தையல் இல்லாத, நீர் புகாத ரப்பர் வகைக் கையுறை. உள்ளே தனியாகக் கழற்றித் துவைக்கக்கூடிய மெல்லிய பருத்திக் கையுறை. உள்ளுறை மூன்று சோடி இருந்தால் ஒன்று கையில், ஒன்று பையில், ஒன்று கொடியில் என மாற்றிக்கொள்ளலாம். வெப்பத்தைக் காக்கும் வேலையை உள்ளுறையும், நீரைத் தடுக்கும் வேலையை வெளியுறையும் செய்யும். குளிர்நாட்டு ஆலோசனைகளிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்க நல்ல கருத்தும் இதுவே.

எந்தப் பொருள், எந்த வேலைக்கு?

பருத்திப் பின்னல் கையுறை: ஒப்பந்ததாரர்கள் மலிவு கருதி அதிகம் வாங்குவது. புள்ளி வைத்ததும் இதில் அடக்கம். உலர்ந்த குப்பைக்குப் பரவாயில்லை. ஈர வேலைக்கு இது கையுறையே அன்று. சாக்கடை நீரை உறிஞ்சித் தோலோடு ஒட்டி வைக்கும்.

உள்ளங்கையில் மட்டும் ரப்பர் பூசிய கையுறை: பிடி நன்றாக இருக்கும். ஆனால் புறங்கை துணியாகவே இருப்பதால் நீர் அவ்வழியே புகும். கடையில் இதை நீர் புகாதது என்று சொல்லி விற்றால் நம்பக்கூடாது. முழுக் கையும் பூசப்பட்டிருக்க வேண்டும்.

மெல்லிய மருத்துவக் கையுறை: ஒருமுறை அணிந்து எறிவதற்கானது. துடைப்பக்குச்சி பட்டாலே கிழியும். தடித்த கையுறைக்கு உள்ளே கூடுதல் காப்பாக அணியலாம், தனியாகப் பயன்படாது.

தோல் கையுறை: உலர்ந்த முள்ளுக்கும் தகரத்துக்கும் நல்லது. நனைந்தால் கனக்கும், காய்ந்தால் விறைக்கும். இந்தியத் தர நிர்ணயத்தில் தோல், பருத்திக் கையுறைகளுக்கு ஐஎஸ் 6994 உள்ளது. அந்த முத்திரை தரமான தோல் கையுறை என்பதைக் காட்டுமே தவிர, ஈர வேலைக்கு ஏற்றது என்பதைக் காட்டாது.

இயற்கை ரப்பர்: நீர் புகாது, குளிரிலும் நன்கு வளையும், விரல் அசைவு எளிது. எண்ணெய், டீசல் பட்டால் உப்பி நைந்துவிடும். சிலருக்கு ஒவ்வாமை உண்டாகும். அரிப்பு, தடிப்பு கண்டால் உடனே மாற்ற வேண்டும்.

பிவிசி: நீர், எண்ணெய் இரண்டையும் தாங்கும், விலையும் குறைவு. குளிரில் சற்று விறைப்பாகும்.

நைட்ரில்: கிழிசலையும் துளையையும் மற்ற ரப்பர் வகைகளைவிட நன்கு தாங்கும். எண்ணெய்க்கும் ஈடுகொடுக்கும். குப்பை தரம் பிரிப்போருக்கும் சேறு அள்ளுவோருக்கும் முழுதும் பூசிய தடித்த நைட்ரில் ஏற்றது.

நியோபிரீன்: குளிரிலும் மென்மையாக இருக்கும், அமிலம், காரம் உள்ளிட்ட பல துப்புரவு வேதிப்பொருள்களைத் தாங்கும். கழிப்பறை கழுவுவோருக்கும் கண்ணாடி துடைப்போருக்கும் நல்ல தேர்வு. விலை கூடுதல்.

ஒரே கையுறை எல்லா வேலைக்கும் பொருந்தாது என்பதே இதன் சாரம். புயலுக்குப்பின் அறுந்து கிடக்கும் மின்கம்பியை இவற்றில் எதை அணிந்தும் தொடக்கூடாது. மின்வேலைக்கான ரப்பர் கையுறைக்கு ஐஎஸ் 4770 என்ற தனித் தரம் உண்டு. அது மின்வாரியப் பணியாளருக்கு உரியது. கம்பியை அகற்றுவது தூய்மைப் பணியாளரின் வேலையன்று.

ஊசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கையுறையின் துளை எதிர்ப்பை அளக்கும் வழக்கமான சோதனையில் பயன்படுவது மருத்துவ ஊசியைவிடப் பலமடங்கு தடித்த முனை. எனவே உயர்ந்த மதிப்பெண் பெற்ற கையுறையையும் ஊசி துளைக்கக்கூடும். குப்பைப் பையைக் கையால் அழுத்தாமல், அடியில் தாங்காமல், வாயைப் பிடித்துத் தூக்குவதும், இடுக்கியைப் பயன்படுத்துவதும் இங்கே கையுறையைவிட முக்கியம். ஊசி குத்திவிட்டால் இடத்தைப் பிதுக்காமல் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்தை இயன்றால் 2 மணி நேரத்துக்குள்ளும், எப்படியும் 72 மணி நேரத்துக்குள்ளும் தொடங்க வேண்டும். விழுப்புரத்தார்க்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், திண்டிவனத்தார்க்கு அங்குள்ள அரசு மருத்துவமனையும் அருகில் உள்ளன. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணைகளும் டெட்டனஸ் தடுப்பூசியும் முன்பே போடப்பட்டிருக்க வேண்டும்.

உறையில் அச்சிட்டுள்ள எண்கள்

தரமான கையுறையில் சில ஐரோப்பியத் தர எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். இந்தியச் சந்தையிலும் இவையே பரவலாகப் புழங்குகின்றன. மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஈஎன் 388: தேய்மானம், வெட்டு, கிழிசல், துளை ஆகிய நான்கையும் இவ்வரிசையில் நான்கு எண்களால் காட்டும். எண் கூடக்கூட வலிமை கூடும். பின்னால் வரும் ஆங்கில எழுத்து, வெட்டுக்கு எதிரான மற்றொரு சோதனையின் முடிவு.

ஈஎன் ஐஎஸ்ஓ 374: வேதிப்பொருளுக்கும் கிருமிக்கும் உரியது. இதன் ஐந்தாம் பகுதி கிருமிகளைப் பற்றியது. வைரசுக்கும் சோதிக்கப்பட்டிருந்தால் அது தனியே குறிப்பிடப்பட்டிருக்கும்.

ஈஎன் 511: குளிருக்கு உரியது. மூன்று எண்கள் வரும். முதல் இரண்டும் குளிர்க்காற்றையும் குளிர்ப்பொருளையும் தாங்கும் அளவு. மூன்றாவது நீர் புகுதல். மூன்றாம் எண் 1 என்றிருந்தால் நீர் புகாச் சோதனையில் தேறியது என்று பொருள். நம் ஊருக்கு முதல் இரண்டு எண்களும் குறைவாக இருந்தாலும் குற்றமில்லை. மூன்றாவது 1 ஆக இருக்க வேண்டும். ஆனால் தையலில்லாத முழு ரப்பர் கையுறைக்கு இந்த எண் இல்லாவிட்டாலும், கீழே சொல்லும் எளிய சோதனையே போதுமானது.

அளவு: பெண்களின் கைக்கு யார் அளவெடுத்தது?

தூய்மைப் பணியில் பெண்கள் மிகுதி. ஆனால் கொள்முதலில் பெரும்பாலும் ஒரே பெரிய அளவே வாங்கப்படுகிறது. தொளதொளவென்ற கையுறையில் துடைப்பம் நழுவும். விரல்நுனி எதிலாவது சிக்கும். அதனால் அதைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்கிறார்கள். பிறகு "கொடுத்தாலும் போடுவதில்லை" என்ற பழி அவர்கள்மேலேயே விழுகிறது. மழைநாளொன்றில் நாங்கள் சந்தித்த ஓர் அம்மா, கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டிருந்தார். அலுவலகம் கொடுத்த கையுறை எங்கே என்று கேட்டோம். "அது எங்க வீட்டுக்காரர் கைக்கே பெருசும்மா" என்றார். பாதுகாப்பு அணிய அவருக்கு விருப்பமில்லை என்று யார் சொல்ல முடியும்?

அளவெடுப்பது எளிது. கட்டைவிரலை விட்டுவிட்டு, உள்ளங்கையின் அகன்ற பகுதியைச் சுற்றி நாடாவால் அளக்க வேண்டும்.

152 மி.மீ. – அளவு 6
178 மி.மீ. – அளவு 7
203 மி.மீ. – அளவு 8
229 மி.மீ. – அளவு 9
254 மி.மீ. – அளவு 10

உள்ளே பருத்தி உறை அணிவதாக இருந்தால், அதை அணிந்துகொண்டே வெளியுறையைப் போட்டுப் பார்க்க வேண்டும். விரலை இறுக்கும் கையுறை இரத்த ஓட்டத்தைக் குறைத்துக் குளிரைக் கூட்டும். ஓர் ஊரின் பணியாளர்கள் அனைவருக்கும் அளவெடுக்க ஒரு நாடாவும் ஒரு காலைப்பொழுதும் போதும். கல்லூரி மாணவர்கள் இதை ஒரு களப்பணியாகவே செய்யலாம். பெயர் தேவையில்லை, எந்த அளவு எத்தனை பேருக்கு என்ற பட்டியலே கொள்முதலுக்குப் போதுமான சான்று.

நீளமும் முக்கியம். மணிக்கட்டோடு நிற்கும் கையுறை வடிகால் வேலைக்குப் பயன்படாது. முழங்கையை நெருங்கும் 30 முதல் 35 செ.மீ. வரை நீளம் வேண்டும். கையைத் தாழ்த்திச் செய்யும் வேலையில் மழைச்சட்டையின் கை கையுறைக்கு வெளியே இருந்தால் மழைநீர் உள்ளே இறங்காது. சன்னல் துடைப்பது, வண்டியில் தூக்கிக் கொட்டுவது போன்று கையை உயர்த்திச் செய்யும் வேலையில் சட்டைக்கை உள்ளேயும் கையுறை வெளியேயும் இருந்து, கையுறையின் விளிம்பு சற்று மடிக்கப்பட்டிருக்க வேண்டும். வழியும் அழுக்குநீர் அந்த மடிப்பில் தங்கும். கைவழியே அக்குளுக்கு ஓடாது.

சோதித்தல், கழுவுதல், மாற்றுதல்

ஒவ்வொரு நாளும் அணியுமுன் கையுறையின் வாயைச் சுருட்டிக் காற்றை உள்ளே அடைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். காற்று கசிந்தால் நீரும் கசியும். வேலை முடிந்ததும் கழற்றுவதற்கு முன்பே சோப்புநீரால் வெளிப்புறத்தைக் கழுவ வேண்டும். வெளிப்புறம் தோலில் படாமல், விளிம்பைப் பிடித்து உள்வெளியாகத் திருப்பிக் கழற்ற வேண்டும். உட்புறத்தையும் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். கடும் வெயிலும் செறிவான பிளீச்சிங் கரைசலும் ரப்பரைச் சிதைக்கும். துளை விழுந்த கையுறையை ஒட்டுப்போட்டு அணியக்கூடாது. "அடுத்த மாதம் தருகிறோம்" என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை; துளை விழுந்த அன்றே மாற்ற வேண்டும்.

இவற்றை வீட்டுக்கு எடுத்துச் சென்று கழுவச் சொல்வது குடும்பத்துக்கே நோயைக் கொண்டுசேர்ப்பதாகும். பணியிடத்திலேயே நீர், சோப்பு, உலர்த்தும் கொடி, உடை மாற்றும் அறை ஆகியவை இருக்க வேண்டும். கையுறையைக் கேட்கும்போது இவற்றையும் சேர்த்தே கேட்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

திடக்கழிவைக் கையாளும் பணியாளர்களுக்கு: 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளின் 15ஆம் விதி, சீருடை, ஒளிரும் மேலங்கி, கையுறை, மழைச்சட்டை, தகுந்த காலணி, முகக்கவசம் ஆகியவை அனைத்துப் பணியாளருக்கும் வழங்கப்படுவதை உறுதிசெய்யும் கடமையை உள்ளாட்சிமீது சுமத்தியது. வேலை ஒப்பந்ததாரரிடம் விடப்பட்டிருந்தாலும் இந்தக் கடமை நீங்கவில்லை. வழங்குவதோடு நில்லாமல், பணியாளர்கள் அவற்றைப் பயன்படுத்துவதையும் உறுதிசெய்ய வேண்டும் என்றது அவ்விதி. ஆகவே "கொடுத்தோம், அணியவில்லை" என்பது தப்பிக்கும் வழியாகாது. அளவுக்குப் பொருந்தாத கையுறையைக் கொடுத்தவர், பயன்பாட்டை உறுதிசெய்தவராகார்.

சாக்கடை, கழிவுத்தொட்டிப் பணியாளர்களுக்கு: கையால் மலம் அள்ளும் தொழிலுக்கான தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம், 2013. இதன் 7ஆம் பிரிவு, பாதுகாப்புக் கருவி தராமல் சாக்கடையையோ கழிவுத்தொட்டியையோ சுத்தம் செய்விப்பதைத் தடைசெய்கிறது. 9ஆம் பிரிவின்படி முதல்முறைக் குற்றத்துக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம் வரை. குற்றம் பிணையில் விடத்தகாதது. முறையீட்டை நிகழ்வு நடந்த 3 மாதத்துக்குள் அளிக்க வேண்டும் என்பதை நம் தோழர்கள் மறக்கக்கூடாது. அச்சட்டத்தின்கீழ் வந்த 2013 விதிகள் கையுறை உள்ளிட்ட நீண்ட கருவிப் பட்டியலையே தருகின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவற்றைச் சோதித்துப் பழுதானவற்றை மாற்றுவதும் முதலாளியின் கடமை.

பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த 3(1)(ஜெ) பிரிவு, பட்டியல் சமூகத்தவரைக் கையால் மலம் அள்ளச் செய்வதை வன்கொடுமை எனவே வரையறுக்கிறது.

உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27 அன்று சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் வழக்கில், 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் மரணத்துக்கு 30 லட்சமும், நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சமும், பிற ஊனத்துக்குக் குறைந்தது 10 லட்சமும் என உயர்த்தியது. தொழிலாளியின் உடல்நலம் அரசமைப்பின் 21ஆம் உறுப்பில் அடங்கிய உரிமை என்பதை 1995இலேயே அந்நீதிமன்றம் ஏற்றுவிட்டது.

பாதுகாப்புக் கருவிக்கான செலவில் ஒரு காசும் தொழிலாளிமேல் விழக்கூடாது என்கிறது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 155ஆம் உடன்படிக்கை. 2022 சூன் மாதம் அது அடிப்படை உடன்படிக்கைகளுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. கையுறைக்கென்று கூலியில் பிடித்தம் செய்வது எந்த அளவுகோலாலும் நியாயமாகாது.

கையுறைக்குள் ஒளிந்திருக்கும் பொறி

2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு விளக்கவுரை உண்டு. ஒன்றிய அரசு அறிவிக்கும் கருவிகளோடும் பாதுகாப்பு உடைகளோடும் மலத்தைச் சுத்தம் செய்பவர் "கையால் மலம் அள்ளுபவர்" எனக் கருதப்படமாட்டார் என்கிறது 2(1)(ஜி) பிரிவின் விளக்கம் (பி). மேலோட்டமாகப் பார்த்தால் பாதுகாப்பை ஊக்குவிப்பதாகத் தோன்றும். நடைமுறையில் இது ஒரு தப்பும் வாயில். கையுறை கொடுத்துவிட்டோம், ஆகவே இங்கே கையால் மலம் அள்ளுவோர் எவருமில்லை என்று கணக்கெடுப்பில் எழுதிவிட இது வழிவிடுகிறது. கணக்கில் வராதவருக்கு மறுவாழ்வுத் தொகையும் இல்லை, மாற்றுத் தொழிலும் இல்லை.

எனவே நம் கோரிக்கை இரண்டு காலில் நிற்க வேண்டும். இன்று வேலை செய்யும் கைக்கு இன்றே தரமான கையுறை. அதே நேரத்தில், மனித மலத்தைக் கையாளும் வேலைக்கு எந்தக் கையுறையும் நியாயம் ஆகாது என்ற நிலைப்பாடு. முதலாவதைக் கேட்பது இரண்டாவதை விட்டுக்கொடுப்பதாகாது. 2020இல் தமிழ்நாட்டில் துப்புரவுப் பணியாளர் என்ற பெயர் தூய்மைப் பணியாளர் என மாற்றப்பட்டது. மரியாதையான பெயர் வேண்டும்தான். ஆனால் இந்த வேலைக்கு இன்றும் பெருமளவில் வருவது அருந்ததியர் உள்ளிட்ட பட்டியல் சமூகத்தவரே. இந்தக் கைகள் மட்டும் எதையும் தொடலாம் என்ற சாதிய எண்ணம் அரசமைப்பின் 17ஆம் உறுப்புக்குப் பின்னும் கொள்முதல் கோப்புகளில் உயிரோடிருக்கிறது.

என்ன செய்யலாம்?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் நகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சி ஒன்றியத்திடம் பின்வருவனவற்றைக் கேளுங்கள்:

1. கடந்த இரண்டு நிதியாண்டுகளில் வாங்கப்பட்ட கையுறைகளின் எண்ணிக்கை, வகை, அளவு, ஒரு சோடியின் விலை.
2. ஒப்பந்தப்புள்ளியில் கையுறைக்கு விதிக்கப்பட்ட தர விவரக்குறிப்பு.
3. நிரந்தர, ஒப்பந்தப் பணியாளர்களுக்கு வழங்கப்பட்ட நாள்கள். வழங்கல் பதிவேட்டின் நகல்.
4. ஒப்பந்ததாரருடனான ஒப்பந்தத்தில் பாதுகாப்புக் கருவி பற்றிய பிரிவின் நகல்.
5. வாங்கப்பட்ட கையுறையின் சான்றளிக்கப்பட்ட மாதிரி.

ஐந்தாவது பலருக்குப் புதிதாக இருக்கலாம். அச்சட்டத்தின் 2(ஜெ) பிரிவு, ஆவணங்களின் நகலோடு பொருள்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறும் உரிமையையும் தருகிறது. காகிதத்தில் "நீர் புகாத உயர்தரக் கையுறை" என்றிருப்பது கையில் பருத்திப் பின்னலாக வந்து சேர்ந்தால், அந்த மாதிரியே சாட்சி. 30 நாளுக்குள் பதில் வராவிட்டாலோ வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தை அணுகலாம்.

பணியாளர்களிடம் ஒன்றை வலியுறுத்துங்கள்: பெறாத பொருளுக்குப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டாம். கையெழுத்திடும்போது நாள், எண்ணிக்கை, அளவு ஆகியவை எழுதப்பட்டுள்ளனவா எனப் பார்த்து, இயன்றால் அலைபேசியில் படமெடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விபத்து நேர்ந்தபின் முதலாளி முதலில் நீட்டும் காகிதம் அந்தப் பதிவேடுதான்.

கோரிக்கை மனுவில் பொதுவாகக் "கையுறை வழங்குக" என்று எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்: "ஒவ்வொரு பணியாளருக்கும் அவர் கையளவுக்குப் பொருந்தும், தையலற்ற, முழுதும் பூசப்பட்ட, குறைந்தது 30 செ.மீ. நீளமுள்ள நைட்ரில் அல்லது நியோபிரீன் கையுறை இரண்டு சோடி. பருத்தி உள்ளுறை மூன்று சோடி. பழுதானால் அன்றே மாற்று. பருவமழை தொடங்குமுன், செப்டம்பர் முடிவதற்குள் வழங்கல்." விவரம் கூடினால் ஏமாற்றுவதற்கான இடம் குறையும்.

மனுவுக்குப் பயனில்லையென்றால் மாவட்ட ஆட்சியர், தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம், தேசிய தூய்மைப் பணியாளர் ஆணையம் ஆகியோரிடம் முறையிடலாம். விழுப்புரம் மாவட்டம் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதன்மை அமர்வின் எல்லைக்குள் வருகிறது. 226ஆம் உறுப்பின்கீழ் அங்கே நீதிப்பேராணை கோரலாம். வழக்குச் செலவுக்கு அஞ்ச வேண்டாம். சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவின்படி பட்டியல் சமூகத்தவருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு விண்ணப்பம் போதும்.

அடுத்த பருவமழைக்கு முன் உங்கள் ஊரில் ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். ஓர் அளவுநாடாவோடு பணியாளர்கள் வருகைப் பதிவு செய்யும் இடத்துக்குச் செல்லுங்கள். அவர்கள் அணிந்திருக்கும் கையுறையை வாங்கி, வாயைச் சுருட்டிக் காற்றடைத்து அழுத்திப் பாருங்கள். காற்று கசிந்தால், அன்றே மனுவை எழுதத் தொடங்குங்கள்.